22-ஆ, 24-ஆ? பழைய மிதிவண்டியின் அளவும் அதன் கதையும்

பழைய சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் உங்களை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இருபத்திரண்டா, இருபத்துநாலா?" என்று கேட்பார். நீங்களும் ஏதோ ஒன்றைச் சொல்வீர்கள். நெட்டையான ஆளுக்கு 24, மற்றவர்களுக்கு 22 என்பதற்கு மேல் அந்தக் கேள்வியைப் பற்றி நம்மில் பலர் சிந்திப்பதில்லை.

அந்த எண் எதை அளக்கிறது? சக்கரத்தை அன்று, ஏனெனில் இரண்டு வண்டிகளுக்குமே சக்கரம் 28 அங்குலந்தான். வண்டியின் மொத்த உயரத்தையும் அன்று. இதற்கு விடை தேடிப் போனால் ஏறத்தாழ 200 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. போய்த் திரும்பி வரும்போது, நம் ஊர்ச் சைக்கிள் யாருடைய காலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்ற மற்றொரு கேள்வியையும் கையோடு கொண்டு வருவோம்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பெண்ணாடம் பொருத்தமான ஊர். வெள்ளாற்றங்கரையில், கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள இவ்வூரைச் சுற்றி நிலம் பெரும்பாலும் சமதளம். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் கார்டு லைன் இரயில் பாதை 1920-களின் பிற்பகுதியில் இவ்வழியே போடப்பட்டது. பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கரும்பு வயலுக்கும் இரயிலடிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் மக்கள் நாள்தோறும் போய்வர வேண்டிய தொலைவு மூன்று கிலோமீட்டர் முதல் பதினைந்து வரை. நடந்தால் அதிகம், பேருந்துக்குக் காத்திருந்தால் அதைவிட அதிகம்! மிதிவண்டி ஆள்வதற்கென்றே அமைந்த தொலைவு இது. இத்தகைய ஊர்களின் திண்ணை ஓரங்களில் கறுப்பு வண்ணம் பூசிய பழைய வண்டிகள் இன்றும் சாய்ந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் வாங்கப் போகிறீர்கள்.

காலே அளவுகோல்

1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் இல்லை. இருக்கையில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஆகவே கால் தரையில் எட்ட வேண்டும். காலுக்கு ஏற்ற உயரம் இல்லையெனில் அந்த வண்டி வண்டியே இல்லை.

1860-களில் பாரிஸில் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடல்கள் பொருத்தப்பட்டன. இதில் ஒரு சங்கடம் உண்டு. பெடலை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். வேகமாகப் போக வேண்டுமா? சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1870-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 'ஏரியல்' வண்டிக்குக் காப்புரிமை பெற்றனர். அதன் பிறகு முன்சக்கரம் வளர்ந்துகொண்டே போயிற்று. 48 அங்குலம், 52 அங்குலம், 60 அங்குலம்! 52 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 4.15 மீட்டர் ஓடும்.

எதுவரை வளரலாம்? ஓட்டுபவருடைய கால், சுற்றின் அடிப்புள்ளியில் பெடலை எட்டும் வரை. அதற்கு மேல் ஓர் அங்குலம் கூடினாலும் பயனில்லை. எனவே அக்காலத்தில் வண்டி வாங்கச் சென்றவர் முதலில் தம் உட்காலை அளந்து சொல்ல வேண்டும். உட்கால் என்பது தொடைகள் சேருமிடத்திலிருந்து குதிகால் வரையுள்ள நீளம். தையற்காரர் கால்சட்டைக்கு எடுக்கும் அதே அளவுதான். இவ்வளவு உட்காலுக்கு இவ்வளவு சக்கரம் என்ற பட்டியலைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தார்கள். "நான் 54" என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய வண்டியின் அளவு மட்டுமன்று. அவருடைய காலின் அளவும் ஆகும்.

நெட்டையான மனிதர் வேகமாகச் செல்வார், குட்டையானவர் பின்தங்குவார் என்ற நிலை அந்த எந்திரத்திலேயே பதிந்திருந்தது. பாவாடையணிந்த பெண்களுக்கோ அதில் இடமே இல்லை.

சக்கரத்திலிருந்து சட்டத்துக்கு

இந்தத் தளையை உடைத்தது ஒரு சங்கிலி. 1885-இல் கவென்ட்ரி நகரில், ஜேம்ஸ் ஸ்டார்லியின் அண்ணன் தம்பி வழி மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்னும் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெடல் நடுவில், பற்சக்கரத்திலிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்கு விசை. முன்பற்சக்கரத்தில் பற்கள் அதிகம், பின்பற்சக்கரத்தில் குறைவு. எனவே சிறிய சக்கரமும் பெரிய சக்கரம் போல் விரைந்து செல்லும். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்ததும் சிறிய சக்கரத்தின் குலுக்கலும் அடங்கிற்று.

உங்கள் வீட்டுச் சைக்கிளில் இதைச் சோதித்துப் பாருங்கள். முன்பற்களையும் பின்பற்களையும் எண்ணுங்கள். முன்னே 44, பின்னே 18 என்று வைத்துக்கொண்டால், 28-ஐ 44-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 68. அதாவது உங்கள் வண்டி, 68 அங்குல விட்டமுள்ள பழைய உயரச் சக்கரத்துக்குச் சமம். ஒரு மிதிக்கு 5.46 மீட்டர். அவ்வளவு பெரிய சக்கரத்தின் மேல் ஏறி மிதிக்கக்கூடிய கால் யாருக்கு இருக்கிறது? சைக்கிள் உலகில் இன்றும் பல்விகிதத்தை 'இத்தனை அங்குலம்' என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. மறைந்துபோன அந்த உயரச் சக்கரத்தின் நினைவுதான் அது.

சக்கரத்துக்கும் காலுக்கும் இருந்த உறவு அறுந்தது. ஆனால் கால் எங்கே போகும்? இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே அது அடங்கியாக வேண்டுமல்லவா? ஆகவே அளவெடுக்கும் இடம் சக்கரத்திலிருந்து சட்டத்துக்கு மாறியது. பெடல் அச்சு சுழலும் குழலின் மையத்திலிருந்து, சீட்டுத் தண்டு நுழையும் நிமிர்ந்த குழாயின் மேல்விளிம்பு வரையுள்ள நீளமே வண்டியின் அளவு என்றாயிற்று. கடைக்காரர் கேட்கும் 22-ம் 24-ம் இந்தக் குழாயின் நீளந்தான். 22 அங்குலம் என்பது 56 செ.மீ.; 24 அங்குலம் 61 செ.மீ.

அளவு நாடா ஒன்றை எடுத்து உடனே பார்த்துவிடலாம். சில தொழிலகங்கள் மேல்விளிம்பு வரை அளக்காமல், பார்க் கம்பியின் நடு வரை அளப்பதுண்டு. ஆகையால் வண்டியில் ஒட்டியுள்ள எண்ணைவிட உங்கள் நாடாவையே நம்புங்கள்.

அம்பத்தூருக்கு வந்த அங்குலங்கள்

இந்தியாவுக்கு மிதிவண்டி வந்தது இங்கிலாந்திலிருந்து. நாட்டிங்ஹாமின் ராலே, பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் ஆகிய பெயர்கள் நம் பாட்டனார்களுக்கு உறவினர் பெயர்களைப் போலப் பழக்கமானவை. பி.எஸ்.ஏ. என்பது உண்மையில் ஒரு துப்பாக்கித் தொழிலகம். சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம்.

விடுதலைக்குப் பின் உள்நாட்டிலேயே வண்டி செய்யும் முயற்சிகள் விரைவு பெற்றன. 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. 1951-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் உருவாயிற்று. அதே காலத்தில் மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்-ராலே, சோனிப்பட்டில் அட்லஸ், 1956-இல் லூதியானாவில் ஹீரோ என்று வரிசையாகத் தொழிலகங்கள் எழுந்தன. இவற்றில் அட்லஸ் நிறுவனத்தின் கடைசி ஆலை 2020 ஜூன் 3-ஆம் நாள் வேலையை நிறுத்தியது. அன்று உலக மிதிவண்டி தினம் என்பது ஒரு கசப்பான தற்செயல்.

தொழிலகம் வந்தது, எஃகுக் குழாய் செய்யும் நுட்பமும் வந்தது. ஆங்கிலேயரின் அங்குலங்களும் மாறாமல் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தில் 'ரோட்ஸ்டர்' என்று வழங்கிய அதே கனத்த வண்டி, அதே 28 அங்குலச் சக்கரம், அதே கம்பிப் பிரேக், முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40 என்ற அதே கணக்கு. ஆண்களுக்குரிய வண்டி பெரும்பாலும் 22, 24 என்ற இரண்டே அளவுகளில் கிடைத்தது.

ஏன் இரண்டே அளவு? ஒவ்வொரு புதிய அளவுக்கும் தனித்தனி நீளக் குழாய்கள் வேண்டும், கடையில் தனி இருப்பு வேண்டும், விலையும் ஏறும். மேலும் நம் நாட்டில் சைக்கிள் ஒருவருடையதாக இருந்ததில்லை. அப்பா அதில் வயலுக்குப் போவார், அண்ணன் கல்லூரிக்கு, சித்தப்பா சந்தைக்கு. ஒரு வீட்டுக்கே ஒரு வண்டி என்றால், யாருடைய காலை அளப்பது? இந்த இரண்டு காரணங்களில் பின்னதே வலியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சரி, அந்த 22 அங்குல வண்டி நமக்குப் பொருந்துகிறதா? சுவரில் முதுகை ஒட்டி, வெறுங்காலுடன் நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில், சீட்டில் உட்கார்ந்தது போல் சற்று அழுத்தமாக மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்புக்கும் தரைக்கும் உள்ள தொலைவை நண்பரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். இதுவே உங்கள் உட்கால். 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு இது பெரும்பாலும் 75 முதல் 78 செ.மீ. வரை இருக்கும். நாம் 76 என்று கொள்வோம்.

இனி வண்டி. 28 அங்குலச் சக்கரத்தின் ஆரம் 35.5 செ.மீ. பெடல் அச்சு சக்கர அச்சைவிடச் சற்றுத் தாழ்ந்து, தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதன்மேல் 56 செ.மீ. குழாய் நிற்கிறது; ஆனால் நேராக நிற்கவில்லை, பின்பக்கம் சாய்ந்து தரையுடன் சுமார் 68 பாகைக் கோணத்தில் நிற்கிறது. ஆகவே அதன் செங்குத்து உயரம் 52 செ.மீ. கம்பியின் பருமனையும் சேர்த்தால் பார்க் கம்பியின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 83 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 24 அங்குல வண்டியில் அது 88 செ.மீ.!

உட்கால் 76. செருப்பையும் சேர்த்தால் 78. பார்க் கம்பி 83. சராசரி மனிதர் ஒருவர் தம்முடைய 22 அங்குல வண்டியின் இருபுறமும் கால் ஊன்றி நேராக நிற்கவே முடியாது என்பதல்லவா இதன் பொருள்?

நம் ஊரில் சைக்கிள் ஏறும் முறையை நினைவுகூருங்கள். இடக்காலைப் பெடலில் வைத்து, வலக்காலால் தரையை இரண்டு மூன்று முறை உந்தி, வண்டி ஓடத் தொடங்கியதும் வலக்காலைப் பின்னால் வீசி கேரியருக்கு மேலாகக் கொண்டுபோய் அமர்கிறோம். இறங்கும்போதும் வண்டி நிற்பதற்கு முன்பே கால் மாற்றிக் குதிக்கிறோம். நின்றால் ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் காலை ஊன்றுகிறோம். இதை நாம் ஒரு நேர்த்தியான வித்தை என்று எண்ணியிருக்கிறோம். நேர்த்தியானதுதான். ஆனால் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது அந்த 5 செ.மீ. வேறுபாடு.

நிற்பது இருக்கட்டும், மிதிப்பது எப்படி? சீட்டின் உயரத்தைப் பற்றி இங்கிலாந்தின் லஃபரோவில் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பெடல் மிகத் தொலைவில் இருக்கும் நிலையில், பெடலின் மேற்பரப்பிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையுள்ள தொலைவு உட்காலின் 109 விழுக்காடாக இருந்தால் கால் தன் முழு ஆற்றலைத் தருகிறது என்பதே அது. பிற்கால ஆய்வுகள் முழங்கால் கோணத்தைக் கொண்டு அளப்பதையே மேலானதாகக் கருதுகின்றன. கால் நீண்ட நிலையில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும் என்பது அவற்றின் கருத்து. எனினும் நாடாவும் புத்தகமும் மட்டும் கையில் உள்ள நமக்கு 109 நல்ல தொடக்கம்.

76 செ.மீ.யில் 109 விழுக்காடு ஏறத்தாழ 83. இதில் கிராங்கின் நீளமும் பெடலின் தடிப்பும் சேர்ந்து சுமார் 15 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மீதி 68. சுருள்வில் வைத்த தோல் சீட்டும் அதன் பிடியும் 9 செ.மீ. ஆகவே குழாய்க்கும் தண்டுக்கும் எஞ்சுவது 59 செ.மீ. 22 அங்குலச் சட்டம் 56. தண்டு 3 செ.மீ. வெளியே தெரியப் பொருந்திவிடும். 24 அங்குலச் சட்டமோ 61! சீட்டை அடியோடு இறக்கி வைத்தாலும் 2 செ.மீ. அதிகம். இந்த மனிதர் 24 அங்குல வண்டியில் போனால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பெருவிரலால் பெடலை எட்ட வேண்டும். அப்படி ஓட்டுபவர்களை நீங்கள் பார்த்ததில்லையா?

24 அங்குல வண்டியை வசதியாக ஓட்ட உட்கால் 81 செ.மீ. வேண்டும். 175 செ.மீ.யை நெருங்கும் உயரமுள்ளவருக்கே அது உண்டு.

பார்க் கம்பிக்குள் நுழைந்த கால்

பெரியவருக்கே இந்நிலை என்றால் சிறுவர்களின் கதி என்ன? அவர்கள் தாமாகவே ஒரு வழி கண்டார்கள். பார்க் கம்பிக்குக் கீழே, சட்டத்தின் முக்கோணத்துக்குள் வலக்காலை நுழைத்து, வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, உடலை மறுபக்கம் வளைத்து அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்தார்கள். குரங்குப் பெடல்! வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்த வண்டியில் தமிழ்நாட்டுச் சிறுவர் தலைமுறைகள் பல இப்படித்தான் கற்றன.

இதில் இயற்பியல் உண்டு. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த மொத்த எடையின் மையம், டயர்கள் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சிறுவனின் உடல் இடப்புறம் தொங்குவதால் வண்டி வலப்புறம் சாய்ந்தாக வேண்டும். எந்தப் புத்தகமும் படிக்காமல் எட்டு வயதில் இந்தச் சமன்பாட்டை உடலால் தீர்த்தார்கள். பாராட்டத் தக்கதே. ஆனால் அவர்கள் காலுக்கு ஏற்ற வண்டி வீட்டில் இல்லாததால்தான் இந்தத் திறமை தேவைப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

பெண்களின் நிலை வேறு. பார்க் கம்பி சேலைக்குத் தடை. கம்பி தாழ்ந்து வளைந்த பெண்கள் வண்டி இருந்தது. ஆனால் எளிதில் கிடைப்பதாக இல்லை. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமாக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளை மேற்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்கள் வண்டி போதாமல் போகவே, காத்திருக்க மனமில்லாமல் பலர் ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். அதோடு, பார்க் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்றும் கண்டுகொண்டார்கள்! தடையாக நின்ற கம்பி தொட்டிலாயிற்று.

ஆயினும் கணக்கு கணக்குதான். 153 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் உட்கால் 71 என்றால், மேற்சொன்ன வழியில் அவருக்குப் பொருந்தக்கூடிய மிகப் பெரிய சட்டம் 21 அங்குலம். 22 அங்குல ஆண்கள் வண்டியில் அவர்கள் ஓட்டினார்கள் என்றால், அந்த வண்டி அவர்களுக்கு உதவியதைவிட அவர்கள் அதற்கு விட்டுக்கொடுத்ததே அதிகம்.

பழைய வண்டியைப் படிக்கும் முறை

உங்கள் அளவு உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி வண்டியைப் பார்க்கலாம்.

வண்ணமும் ஒட்டுப்படமும் அழிந்துபோன வண்டியின் பெயரை எப்படி அறிவது? பற்சக்கரத்தைப் பாருங்கள். ராலே வண்டியில் நாரையின் தலை வெட்டப்பட்டிருக்கும், ஹம்பரில் ஓடும் மனித உருவங்கள், ரட்ஜில் விரித்த கை, பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்துகளே. ஆனால் பல ஊர் கண்ட பழைய வண்டியில் பற்சக்கரம் மாற்றப்பட்டிருக்கக் கூடும். பின்சக்கர அச்சில் மூன்று வேக ஸ்டர்மி-ஆர்ச்சர் பொறி இருந்தால் அதன் உடலிலேயே உற்பத்தி ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் வயதுக்கு அது ஒரு நல்ல சாட்சி, சக்கரமே மாற்றப்படாதிருந்தால்!

அடுத்து, கறுப்பு வண்ணம். விருத்தாசலத்துப் பக்கத்தார் எனாமல் என்றதும் பீங்கான் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சை நினைப்பார்கள். சைக்கிள் எனாமல் அதுவன்று. அது சூளைக்குப் பதில் அடுப்பறையில் சில நூறு டிகிரிக்கும் குறைந்த சூட்டில் வாட்டிய வண்ணமே. பீங்கானோ 1,200 டிகிரிக்கு மேல் வேகிறது. அந்தச் சூட்டில் சைக்கிளின் பித்தளைப் பற்றுகள் எல்லாம் உருகி ஓடிவிடும். மூல வண்ணம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. புதிதாகப் பளபளக்கும் வண்ணத்தைத்தான் ஐயத்தோடு பார்க்க வேண்டும். அது எதை மூடியிருக்கிறதோ!

ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், பார்க் கம்பியின் அடியிலும் சாய்ந்த கீழ்க்குழாயின் அடியிலும் விரலை ஓட்டுங்கள். மெல்லிய அலைபோல மேடு தட்டுப்பட்டால், வண்டி எப்போதோ எதிலோ முட்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். பிறகு நீண்ட நூல் ஒன்றைப் பின்னச்சின் இடமுனையில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து வலமுனையில் கட்டுங்கள். நடுவில் நிற்கும் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் சட்டம் கோணிவிட்டது. சக்கரத்தின் கோட்டத்தைப் பத்து நிமிடத்தில் கடைக்காரர் எடுத்துவிடுவார். சட்டத்தின் கோணலை எடுப்பது எளிதன்று.

குழாய்கள் சேருமிடத்தில் எஃகு உறைகளும் பித்தளைப் பற்றும் இருப்பதே பழைய முறை. அங்கே திரண்ட பற்றவைப்புத் தழும்பு தெரிந்தால், முறிந்து ஒட்டிய வண்டி. பற்றவைப்பின் கடுஞ்சூட்டில் தழும்பை ஒட்டிய குழாய் வலுவிழந்திருக்கும். அடுத்த முறிவு அங்கேதான் வரும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடல் அச்சுக் குழலையும் பாருங்கள். மழைநீரும் வயற்சேறும் கடைசியில் வந்து தங்கும் பள்ளம் அது. துரு அங்கிருந்து தொடங்கும்.

பெடல்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா? இல்லையெனில் கிராங்கை இறுக்கும் காட்டர் பின் தேய்ந்துவிட்டது. இது சில ரூபாயில் தீரும் குறை. பால்ரஸ் கரகரப்பும் அப்படியே. ஒரு ஓவராயிலிங்கில் போய்விடும்.

டயர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 28 × 1½ என்ற பழைய டயர் அமரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இதனுடன் இருபுறமும் 38 மி.மீ. டயரைக் கூட்டினால் 711; அதாவது 28 அங்குலம். இன்றைய ரேஸ் வண்டிகளின் 700 எனப்படும் சக்கரத்துக்கும் சிலர் 28 என்றே பெயர் சொல்வார்கள். ஆனால் அதன் ரிம் 622 மி.மீ. இந்த 13 மி.மீ. வேறுபாட்டை எந்த நெம்புகோலும் சரிக்கட்டாது. 1980-களில் மாணவர்களிடையே பெயர்பெற்ற பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற இலேசான வண்டிகள் 26 × 1⅜ வகை. அவற்றின் ரிம் 590 மி.மீ. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கையை நீட்டிப் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்து நீட்டினால் விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும் என்பார்கள். முன்பக்க நீளத்துக்கு இது ஓரளவு சரியே. அக்குளை வைத்துச் சீட்டின் உயரம் பார்ப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கையை அளந்து காலுக்குத் தீர்ப்புச் சொல்வது எப்படி?

சட்ட எண்ணைச் சீட்டுக் குழாயின் மேற்புறத்திலோ பெடல் குழலின் அடியிலோ தேடுங்கள். பழைய ரசீது இருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள்; எண்ணை இராவி அழித்திருந்தால் விலை எவ்வளவு மலிவாயினும் வாங்க வேண்டாம்.

வாங்கிய பின் முதல் வேலை, சீட்டை ஏற்றி இறக்கி 109-க்குக் கொண்டுவருவது. தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் இடுப்பு ஆடும். ஒரு நேரத்தில் அரை செ.மீ.க்கு மேல் மாற்றாமல், இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து மீண்டும் திருத்துங்கள். சட்டம் உங்களுக்குச் சிறியதாக இருந்தால் தண்டை நிறைய ஏற்றத் தோன்றும். எவ்வளவு ஏற்றினாலும் குழாய்க்குள் குறைந்தது 6.5 செ.மீ. தண்டு நிற்க வேண்டும். குறைந்தால், கரடுமுரடான சாலையில் ஒரு குழியில் இறங்கும்போது குழாயின் வாய் பிளந்துவிடும். தண்டை வெளியே எடுத்து அந்த அளவில் ஓர் அரத்தால் இலேசாகக் கீறி அடையாளம் வைத்து, கிரீஸ் தடவி மறுபடி செருகுங்கள்.